பவர் விண்டோ ஏன் பாதியில் நிற்கிறது?

சுவிட்சை அழுத்தினாலும் கார்க் கண்ணாடி அசையவில்லையா? மெக்கானிக்கிடம் போகும் முன் காதைக் கதவோடு வைத்துக் கேளுங்கள். பாதிக் கோளாறு அங்கேயே தெரிந்துவிடும்.

கதவுக்குள் இருப்பது 12 வோல்ட் மோட்டார். சுவிட்ச் மின்சாரத்தின் திசையை மாற்றுகிறது; ஒரு பக்கம் சுற்றினால் கண்ணாடி ஏறும், மறுபக்கம் சுற்றினால் இறங்கும். மோட்டாரோடு சேர்ந்த வார்ம் கியர் வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டுகிறது. கண்ணாடியைக் கையால் அமுக்கினாலும் எளிதில் இறங்காததற்கு அதுவே காரணம்: மோட்டார் கியரைச் சுழற்றும், கியர் மோட்டாரைச் சுழற்றாது.

‘கிர்ர்’ என்று மோட்டார் ஓடியும் கண்ணாடி நகராவிட்டால், பெரும்பாலும் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கேபிள் அறுந்திருக்கும், அல்லது பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கும். அப்போதும் மோட்டாரை மாற்றச் சொல்பவரிடம் உஷார்!

சத்தமே இல்லையா? எல்லாக் கண்ணாடியும் நின்றிருந்தால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள். பின்கதவுக் கண்ணாடிகள் மட்டும் என்றால், டிரைவர் பக்கத்து விண்டோ லாக் பட்டன் அழுந்தியிருக்கிறதா என்று பாருங்கள். கதவை ஆட்டும்போது விட்டுவிட்டு வேலை செய்தால், கீல் பக்கத்து மடிப்பில் ஒயர் அறுந்திருக்கலாம்.

மெதுவாக ஏறுகிறதா? ரப்பர் பள்ளத்தில் தூசி இருக்கும். துடைத்துவிட்டு சிலிகான் ஸ்பிரே அடியுங்கள். கிரீஸ் வேண்டாம், மண்ணைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.