தினம் ஒரு நற்சிந்தனை: பெண்மனம் நிறைகிறதா?

சுபஹுத் தொழுது முஸல்லாவை மடிக்கும் நேரத்தில் போன் ஒருமுறை அதிரும். தாத்தாவின் செய்தி. எங்கள் பக்கம் மூத்த சகோதரியைத் தாத்தா என்றுதான் அழைப்போம். ரோசாப்பூப் படம் ஒன்று, அதன்மேல் இரண்டு வரி: கவலையை விடு, நல்லதை நினை, அல்லாஹ் போதுமானவன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நானும் தவறாமல் ஒரு கட்டைவிரல் அடையாளத்தை அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன். தாத்தா தைரியமாக இருக்கிறா என்பது என் எண்ணம்.

2022ஆம் ஆண்டு நெருக்கடியில் மச்சானின் கடை மூடப்பட்டது. அதன் பிறகும் ரோசாப்பூக்கள் வந்துகொண்டுதான் இருந்தன. ஒருமுறை அவவின் வீட்டில் இரவு தங்க நேர்ந்தபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. தாத்தா மாதக்கணக்காக ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை. ராவு இரண்டு மணிக்குக் குசினியில் லைட்டைப் போட்டுக்கொண்டு அதே நற்சிந்தனைகளை வாசித்துக்கொண்டிருந்தா. "வாசிக்கக்குள்ள நல்லா ஈக்கிது. போன வெச்ச ஒடன பழயபடிதான்" என்றா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவ்வளவு வாசிச்சும் மனசு சரியாகல்லண்டா என்ட ஈமான்லதான் குறையோ தெரியா" என்றா.

அந்த இரண்டாவது பேச்சுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். ஆறுதலுக்காக வாசித்த ஒரு பெண், வாசிப்பின் முடிவில் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்வது எப்படி நடக்கிறது? தினசரி நற்சிந்தனை வாசிப்பு நம் பெண்களுக்கு உண்மையான மனநிறைவைத் தருகிறதா?

எங்கிருந்து வந்தது இந்த வாசிப்பு?

பெண்ணுக்குப் புத்தி சொல்வது நமக்குப் புதிதல்ல. 'பெண்புத்தி மாலை'யை நம் மூத்தம்மாமார் ராகம் போட்டுப் படித்திருக்கிறார்கள். அதன் அறிவுரைகள் சிலவற்றோடு இன்று நாம் உடன்படாமல் இருக்கலாம். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: ஒருத்தி படிக்க மற்றவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். இடையில் ஒருத்தி சிரிப்பாள், ஒருத்தி கண்ணைத் துடைப்பாள். அது கூட்டத்தில் நடந்த வாசிப்பு.

தனியே இருந்து தன்னைத் தானே உயர்த்திக்கொள்ளும் நூல் வகை வேறொரு வழியாக வந்தது. 1859இல் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதிய 'செல்ஃப் ஹெல்ப்' அதற்குப் பெயரையே கொடுத்தது. 20ஆம் நூற்றாண்டில் டேல் கார்னெகி போன்றோர் அதை உலகெங்கும் கொண்டுபோனார்கள். தமிழ் முஸ்லிம்களுக்கு அந்த வழியைத் திறந்தவர்களில் முதன்மையானவர் தொண்டியைச் சேர்ந்த எம்.ஆர்.எம். அப்துற் றஹீம். 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்' தொகுத்த அதே கைதான் 'எண்ணமே வாழ்வு', 'கவலைப்படாதே', 'முன்னேறுவது எப்படி?' போன்ற நூல்களையும் எழுதியது. எங்கள் வாப்பாவின் அல்மாரியில் இரண்டும் ஒரே தட்டில் இருந்தன.

பின்னர் அரபு நாட்டிலிருந்து ஆயிழ் அல்கர்னியின் 'லா தஹ்ஸன்' (கவலைப்படாதே) வந்தது. பல மொழிகளில் இலட்சக்கணக்கில் விற்ற நூல் அது. பெண்களுக்கென்றே அவர் எழுதிய இன்னொரு நூலின் பெயர், உலகிலேயே மகிழ்ச்சியான பெண்ணாக இரு என்ற பொருள்படும். இன்று வட்ஸ்அப்பில் வரும் பூப்படச் செய்திகளில் பல இந்த மாதிரி நூல்களின் துண்டு துணுக்குகள்தாம். யார் எழுதியது, எந்தச் சந்தர்ப்பத்தில் எழுதியது என்பதெல்லாம் உதிர்ந்துபோய் வெறும் வாசகம் மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது.

ஆறுதல் சிறிய விஷயமல்ல

இந்த வாசிப்பைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. எங்கள் ஊர் கட்டுகஸ்தோட்டையைத் தாண்டி மாத்தளை வீதிப் பக்கம். இங்கே பல வீடுகளில் ஆண்கள் கொழும்பிலோ வேறு ஊர்களிலோ கடை வைத்திருப்பார்கள். வாரக் கடைசியில்தான் வீட்டுக்கு வருவார்கள். பிள்ளைகளின் படிப்பு, மாமியின் மருந்து, வீட்டுச் செலவு எல்லாம் பெண்ணின் தலையில். அவளை நோக்கி "நீ தனியாக இல்லை" என்று ஒரு வரி வந்தால் அது அவளுக்குப் பெரிய விஷயம். கொரோனாக் காலத்தில் நம் மையித்துகள் பலவந்தமாக எரிக்கப்பட்டபோது, ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவும் முடியாதிருந்தது. அந்த நாட்களில் போனில் வந்த ஒரு ஆயத்துதான் பலருக்குக் கை பிடித்த துணை.

ஆனால் 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியாவிலும் தொடங்கிய வன்செயல் கண்டி மாவட்டத்தின் மற்ற ஊர்களுக்கும் பரவிய நாட்களை நினைத்துப் பார்க்கிறேன். அவசரகால நிலை பிரகடனமாயிற்று. வட்ஸ்அப்பும் பேஸ்புக்கும் முடக்கப்பட்டன. நற்சிந்தனைச் செய்தி ஒன்றுகூட வரவில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஒரே வீட்டில் கூடினோம். யாஸீன் ஓதினோம், பிளேன்டீ ஊற்றினோம், பயத்தை வாய்விட்டுச் சொன்னோம். அந்தப் பயத்திலும் மனதுக்கு ஒரு பிடி இருந்தது. ஆறுதல் வாசகத்தில் மட்டும் இல்லை, பக்கத்தில் இருக்கும் ஆளிலும் இருக்கிறது என்பதை அன்று அனுபவித்தோம். பிறகு மறந்துவிட்டோம்.

ஆய்வுகள் சொல்வது

கனடாவின் வோட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் வுட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 'நான் அன்புக்குரியவள்' என்பது போன்ற நல்ல வாசகம் ஒன்றைத் தமக்குத் தாமே திரும்பத் திரும்பச் சொல்லும்படி சிலரிடம் கேட்டார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உயர்வாக இருந்தவர்களுக்குச் சிறிது நன்மை கிடைத்தது. தன்மதிப்புக் குறைந்தவர்களோ, அப்படிச் சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். மருந்து யாருக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது ஒத்துக்கொள்ளவில்லை. வாசகம் ஒன்று சொல்ல, உள்ளம் "இல்லையே" என்று பதில் சொல்கிறது. அந்த "இல்லையே"தான் அன்றிரவு தாத்தாவின் வாயிலிருந்து ஈமானைப் பற்றிய சந்தேகமாக வெளியே வந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. டேவிட் பர்ன்ஸ் எழுதிய 'ஃபீலிங் குட்' (1980) போன்ற சில நூல்கள் மிதமான மனச்சோர்வுக்கு உண்மையிலேயே உதவுவதாக ஃபாரஸ்ட் ஸ்கோகின் போன்றோரின் ஆய்வுகள் காட்டின. அவை எவ்வாறு உதவின என்பதைப் பார்க்க வேண்டும். அவை வாசித்து மகிழ்ந்துவிட்டு மூடிவைக்கும் நூல்களல்ல. பென்சிலை எடுத்து எழுத வேண்டும், பயிற்சி செய்ய வேண்டும். அந்த ஆய்வுகளில் வாசித்தவர்களை வாரம் ஒருமுறை ஒருவர் தொலைபேசியில் அழைத்துச் சில நிமிடம் விசாரித்தார். ஆக, வாசிப்போடு ஒரு செயலும், கேட்க ஓர் ஆளும் சேர்ந்திருந்தன.

கஸ்ஸாலியின் வாள், கவ்லாவின் முறையீடு

இதைத்தான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் மாணவர் ஒருவருக்கு எழுதிய 'அய்யுஹல் வலத்' என்ற மடலில் வேறு விதமாகச் சொன்னார். ஒரு வீரன் பத்து வாளோடு காட்டில் போகிறான். சிங்கம் பாய்கிறது. வாளை எடுத்து வீசாமல், வாள் இருக்கிறது என்பதே அவனைக் காப்பாற்றுமா? செயலில் இறங்காத அறிவும் அப்படித்தான் என்பது அவர் கருத்து. நம் போனில் பத்து வாள் அல்ல, பத்தாயிரம் வாள் கிடக்கிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எல்லாத் துன்பத்துக்கும் பெண் தன் மனதை மாற்றிக்கொள்வதுதான் மருந்தா? கவ்லா பின்த் ஸஃலபா (ரழி) அவர்களின் வரலாறு நமக்குத் தெரிந்ததே. கணவர் அவரைத் தன் தாய்க்கு ஒப்பாக்கி 'ழிஹார்' செய்துவிட்டார். அக்கால வழக்கப்படி அது அவரை மனைவியாகவும் இல்லாமல், விடுதலையாகவும் இல்லாமல் தொங்கவிடும் வார்த்தை. அவர் வீட்டுக்குள் இருந்து சகித்துக்கொள்ளவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் நேரே போனார், வாதாடினார், அல்லாஹ்விடம் முறையிட்டார். அல்லாஹ் அவருடைய பேச்சைக் கேட்டுக்கொண்டான் என்ற செய்தியோடு 58ஆவது அத்தியாயம் தொடங்குகிறது. அதன் பெயரே 'அல்முஜாதலா', வாதாடிய பெண். பிற்காலத்தில் கலீபா உமர் (ரழி) தெருவில் நின்று அவருடைய பேச்சைப் பொறுமையாகக் கேட்டார்கள் என்றும் வரலாறு சொல்கிறது. பொறுமை ஈமானின் பகுதி. அநியாயத்தைக் கேட்கும் இடத்தில் எடுத்துச் சொல்வது அதற்கு எதிரானதல்ல என்பதை இந்த ஒரு வரலாறே காட்டுகிறது.

நம் காலத்திலும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஸல்வா அல்உழைதான் என்ற சவூதிப் பெண் எழுத்தாளர், விரக்தியை வென்றவர்களைப் பற்றி ஒரு நூல் எழுதியிருந்தார். அதிலிருந்து எடுத்துத்தான் அல்கர்னி தம் 'லா தைஅஸ்' (நிராசை கொள்ளாதே) நூலை ஆக்கினார் என்று அவர் முறைப்பாடு செய்தார். 2012இல் சவூதி தகவல் அமைச்சின் குழு அவருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. அல்கர்னி 3 இலட்சத்துக்கும் அதிகமான ரியால் செலுத்தும்படி பணிக்கப்பட்டார். விரக்தியை வெல்வது பற்றி எழுதிய பெண், தனக்கு அநீதி நடந்தபோது இரண்டு வரி வாசித்து மனதை ஆற்றிக்கொண்டு இருந்துவிடவில்லை. கோவையைக் கையில் எடுத்தார்.

இந்தக் கண்ணோடு நம் காலைச் செய்திகளைப் பாருங்கள். கணவனின் கோபத்தைப் பொறுத்துக்கொள்வது பற்றி எத்தனையோ வருகின்றன. மணப்பெண்ணின் கையொப்பத்தைக்கூடத் திருமணப் பதிவில் கட்டாயமாக்காத 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தைப் பற்றி ஒரு பூப்படச் செய்தியையும் நான் கண்டதில்லை.

கண்டி தந்த முன்மாதிரி

இதற்கு வெளியூரில் வழிகாட்டி தேட வேண்டியதில்லை. 1838இல் கண்டியில் பிறந்த அறிஞர் சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கினார். 1885இல் 'அசன்பே சரித்திரம்' எழுதினார். சமூகத்துக்கு எழுத்தால் புத்தி சொன்னவர் அவர். ஆனால் பெண்கல்வி விஷயத்தில் எழுதியதோடு நின்றுவிடவில்லை. 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பாடசாலையே திறந்தார். அதை நடத்தும் பொறுப்பைத் தம் சகோதரி முத்து நாச்சியாவிடம் கொடுத்தார். அந்தச் சகோதரிக்கு "நீ திறமைசாலி" என்று தினமும் ஒரு வாசகம் எழுதிக் கொடுத்திருக்கலாம். அவர் கொடுத்தது ஒரு பொறுப்பு, ஒரு வகுப்பறை, காத்திருக்கும் பிள்ளைகள். மனநிறைவு பிறக்கும் இடம் அதுதான் என்று நினைக்கிறேன்.

நாங்கள் செய்து பார்த்தது

தாத்தாவின் வீட்டிலேயே சனிக்கிழமை அஸருக்குப் பிறகு ஏழெட்டுப் பெண்கள் கூடத் தொடங்கினோம். நிபந்தனை ஒன்றுதான்: வாரம் முழுக்க வந்த செய்திகளில் ஒன்றை மட்டும் எடுக்க வேண்டும். அதை வைத்து மூன்று கேள்வி. இதில் உண்மை எது? இந்த வாரம் நான் செய்யக்கூடிய சின்னக் காரியம் எது? நான் தனியாகச் செய்ய முடியாதது எது?

முதல் கேள்வியில் பல செய்திகள் அடிபட்டுப்போயின. இட்டுக்கட்டிய ஹதீஸ்களும் இருந்தன. இரண்டாவது கேள்விக்கு வந்த பதில்கள் சின்னச் சின்னவை. நின்றுபோன தையலைத் திரும்பத் தொடங்குவது, மகளோடு இருந்து ஒரு பக்கம் வாசிப்பது. சிறிதானாலும் விடாமல் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு விருப்பமானது என்ற நபிமொழி எங்களுக்குத் துணையாக இருந்தது. மூன்றாவது கேள்வியில்தான் எல்லோரும் மௌனமானார்கள். கடன், வீட்டுச் சண்டை, படிக்க விடாத மாமி. முதலில் பேச வாய் வரவில்லை. பேசத் தொடங்கிய பிறகு, ஒருத்தியின் கஷ்டத்துக்கு இன்னொருத்தியிடம் வழி இருந்தது. ஒருத்தி வந்த இரண்டாம் வாரமே, "எனக்கு வாசிச்சா போதும், பேசுறதுக்கு ஏலா" என்று நின்றுவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் எல்லாம் ஒத்துவராது.

பேச்சும் வாசிப்பும் போதாத இடமும் உண்டு. வாரக்கணக்கில் நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் அது நோய். ஈமானின் குறை அல்ல. டாக்டரிடம் போக வேண்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை எந்த நேரமும் அழைக்கலாம். தாத்தாவையும் நாங்கள் டாக்டரிடம் கூட்டிக்கொண்டுதான் போனோம். கொஞ்ச நாள் மருந்து எடுத்தா, இப்போது நித்திரை வருகிறது.

என் முடிவு இதுதான். நற்சிந்தனை ஒரு வாசற்படி. அதில் நின்று இளைப்பாறலாம், அங்கேயே குடியிருக்க முடியாது. வாசித்தது ஒரு செயலாகவும், ஒரு துணையாகவும், தேவைப்பட்டால் ஒரு முறையீடாகவும் மாறும்போதுதான் மனம் நிறைகிறது.

தாத்தாவின் ரோசாப்பூ இன்றும் சுபஹுக்குப் பிறகு வருகிறது. நான் இப்போது கட்டைவிரல் அனுப்புவதில்லை. போன் எடுத்து, "ராவு நித்திர கொண்டியா?" என்று கேட்கிறேன்.