ஒரே வழங்கியில் பல பதிப்புகள்: மென்பொருள் மாற்றமும் எழுத்தின் இருப்பும்

எழுத்து எக்காலத்திலும் ஒரு பௌதிக அடித்தளத்தின்மீதே நிலைகொண்டு வந்துள்ளது. 1950களில் அரசு நிறுவிய வாழைச்சேனைக் காகித ஆலை வயல்வெளி வைக்கோலையும் காகிதமாக்கிற்று. அக்காகிதத்தில் அச்சான எழுத்தின் பின்னால் உழவரின் உழைப்பும் ஆலைத் தொழிலாளரின் உழைப்பும் மறைந்து நின்றன. இன்று எழுத்தின் கணிசமான பகுதி இணைய வழங்கிகளுக்குப் பெயர்ந்துவிட்டது. ஆயின் அங்கும் உழைப்பு மறைந்தே நிற்கிறது. அவ்வுழைப்பின் ஒரு கூறாகிய, ஒரே வழங்கியில் பி.எச்.பி. மொழியின் பல பதிப்புகளை இயக்கும் முறையை இங்கு நோக்குவோம்.

ரஸ்மஸ் லேர்டோர்ஃப் 1995இல் வெளியிட்ட பி.எச்.பி., வழங்கியில் இயங்கி இணையப் பக்கங்களை உருவாக்கித் தரும் நிரல்மொழியாகும். 2003இல் தோன்றிய தமிழ் விக்கிப்பீடியாவும் 2005இல் தோன்றிய நூலகம் எண்ணிம நூலகமும் பயன்படுத்தும் மீடியாவிக்கி மென்பொருள் இம்மொழியிலேயே எழுதப்பட்டது.

மொழி மாறும்பொழுது பழைய நிரல்கள் இருவகையில் பாதிப்புறுகின்றன. முதலாவது, வெளிப்படையான முறிவு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தை அணுகுவதற்கான பழைய கட்டளைகள் 2015இல் வெளிவந்த 7.0 பதிப்பில் நீக்கப்பட்டன; அவற்றை நம்பி எழுதப்பட்ட தளங்கள் அப்பதிப்பில் இயங்கா. இரண்டாவது, ஓசையற்ற மாற்றம். 0 என்ற எண்ணும் ‘கடல்’ என்ற சொல்லும் சமமா எனத் தளர்வான ஒப்பீட்டில் வினவினால், 7ஆம் வரிசைப் பதிப்புகள் ‘ஆம்’ என்னும். 2020இல் வெளிவந்த 8.0 பதிப்பு ‘இல்லை’ என்னும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாது. விளைவு மட்டும் வேறுபடும். பாடபேதம் பொருளையே மாற்றிவிடுவதை அறிந்த இலக்கிய மாணவர் இதன் ஆபத்தை எளிதில் உணர்வர்.

பழைய தளத்தை உடனே திருத்தியெழுத ஆளில்லை. புதிய தளமோ புதிய பதிப்பை வேண்டி நிற்கிறது. இம்முரண்பாட்டிற்கான இடைக்காலத் தீர்வே பல பதிப்புகளை அருகருகே இயக்குதல். முன்னைய வழக்கில் பி.எச்.பி., அப்பாச்சி வழங்கிக்குள்ளேயே ஒரு கூறாகப் பொருத்தப்பட்டது. ஆதலால் ஒரு வழங்கிக்கு ஒரு பதிப்பே இயன்றது. 2010 முதல் பி.எச்.பி.யுடன் சேர்ந்தே வரும் எஃப்.பி.எம். என்னும் ஏற்பாடு இப்பிணைப்பைத் தளர்த்தியது. ஒவ்வொரு பதிப்பும் தனிச் செயல்முறைக் குழுவாக இயங்கித் தனக்குரிய சொக்கெட்டில் காத்திருக்கும். வழங்கி, வந்த வேண்டுகோள் எத்தளத்துக்குரியது என நோக்கி, உரிய சொக்கெட்டுக்கு அதனை அனுப்பும். ஒரு சஞ்சிகையின் பழைய இதழ்த் தொகுப்பு 5.6 பதிப்பிலும் அதன் புதிய தளம் 8ஆம் வரிசைப் பதிப்பொன்றிலும் இவ்வாறு இயங்கலாம்.

இரண்டு விடயங்கள் மனங்கொள்ளத்தக்கவை. அமைவுக் கோப்பும் துணைநீட்சிகளும் பதிப்புக்குப் பதிப்பு தனித்தனியானவை. ஒன்றில் நிறுவியது மற்றொன்றுக்கு உதவாது. அன்றியும், குறித்த நேரத்தில் தானே இயங்கும் பணிகள் எஃப்.பி.எம். வழியாக அன்றி, கட்டளை வரியின் இயல்பிருப்புப் பதிப்பில் இயங்கக்கூடும். அவற்றில் வேண்டிய பதிப்பை வெளிப்படையாகச் சுட்டவேண்டும்.

இதற்கு விக்கிமீடியாவின் அனுபவம் தக்க சான்றாகும். 2014இல் அது வேகம் கருதி, பேஸ்புக் நிறுவனம் உருவாக்கிய எச்.எச்.வி.எம். என்னும் இயக்கிக்கு மாறியது. 2017இல் அந்நிறுவனம், அவ்வியக்கி இனித் தனது ஹேக் மொழியையே நோக்கி வளரும் என்றும் பி.எச்.பி.யுடனான இசைவு அதன் இலக்கன்று என்றும் அறிவித்தது. 2019இல் விக்கிமீடியா பி.எச்.பி. 7 வரிசைக்குத் திரும்பியது. அவ்விடைக்காலத்தில் ஒரே வழங்கிகளில் இரு இயக்கிகளும் அருகருகே இயங்கின. வாசகரின் உலாவியிலிருந்த குக்கியொன்று அவர் எவ்வியக்கிக்குச் செல்வார் என்பதைத் தீர்மானித்தது. முதலில் விரும்பி முன்வந்தோர், பின்னர் வாசகருள் ஒரு சிறு பங்கினர், ஈற்றில் அனைவரும் எனப் படிப்படியாக மாற்றம் நிகழ்ந்தது. தமிழ் விக்கிப்பீடியாவை வாசித்தோரும் இம்மாற்றத்தினூடே, பெரும்பாலும் அதனை அறியாமலே, கடந்து வந்தனர். உற்பத்திக் கருவியை உடையோரே அதன் திசையையும் தீர்மானிப்பர் என்பதற்கு இது சான்று; பி.எச்.பி. பொதுவுடைமையான கட்டற்ற மென்பொருளாய் இருந்தமையாலேயே மீளும் வழி திறந்திருந்தது என்பதற்கும் இதுவே சான்று.

எனினும் பழைய பதிப்பை என்றென்றைக்கும் வைத்திருத்தல் பாதுகாப்பாகாது. 5.6 பதிப்புக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பருடன் நின்றுவிட்டன. அதனூடு நுழைவோர் அதே வழங்கியிலுள்ள ஏனைய தளங்களையும் தாக்கக்கூடும். ஆகவே பழைய பதிப்பு தனிப் பயனர் கணக்கில், எழுதும் உரிமை இயன்றவரை குறைக்கப்பட்டு இயங்கவேண்டும். மேலும் வளராத தொகுப்பாயின், அதன் பக்கங்களை நிலையான கோப்புகளாக மாற்றிவிட்டுப் பழைய பதிப்பை நீக்கிவிடுதலே சிறந்தது.

சுருங்கக்கூறின், பல பதிப்புகளின் சகவாழ்வு கால அவகாசத்தைத் தருகிறதேயன்றி விடுதலையைத் தருவதில்லை. அவ்வவகாசத்தைப் பயன்படுத்துவதற்கு ஆளும் பணமும் ஒதுக்காத சங்கம், தன் சஞ்சிகையைச் செல்லரிக்க விட்ட நூலகத்துக்கு ஒப்பானதே. ஆவணப்படுத்தல் பற்றிப் பேசுவோர், பராமரிப்பு உழைப்பையும் தம் கணக்கில் சேர்த்தல் வேண்டும்.