கரண்டுக்கு முன்பணம் கட்டினால் லாபமா?

தஞ்சைப் பக்கத்தில் குறுவை அறுத்தால்தான் கையில் காசு, விட்டால் சம்பா. கரண்டு பில்லோ இரண்டு மாதத்துக்கு ஒரு முறை வந்து நிற்கும்!

செல்போனுக்குப் போடுவதுபோல மீட்டருக்கும் முன்பணம் போட்டால்? பீகாரில் லட்சக்கணக்கான வீடுகளில் அப்படித்தான்.

நம் ஊர்க் கணக்கைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் 500 யூனிட் எரித்தால், இலவச 100 யூனிட் போக 1,725 ரூபாய். 501 யூனிட் எரித்தால்? 1,958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டால் 233 ரூபாய் கூடுதல். 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரை இருந்த குறைந்த விலை பறிபோனதே காரணம். கணக்கு எடுக்க ஆள் வந்த பிறகு வருந்தி என்ன பயன்?

முன்பண மீட்டர் யூனிட் விலையைத் தானாகக் குறைத்துவிடாது. ஆனால் புதுவகை மீட்டரில் அன்றாடச் செலவு செல்போனில் தெரியும். அதற்குச் சம்மதிப்பவரிடம் காப்புத்தொகை கேட்கக்கூடாது என்கிறது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம்.

ஒரு சங்கடம்: பணம் தீர்ந்தால் விளக்கு அணையும். பில் முறையிலோ, கட்டுவதற்கு நாள் கெடு உண்டு. நடவு வேலை இல்லாத வாரத்தில் கூலிக்காரர் வீட்டுக்கு அந்தக் கெடு பெரிய உதவி.

தாய்மார்களே, பழைய மீட்டர்தானே என்று விடாதீர்கள். ஞாயிறுதோறும் அதன் எண்ணைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.