உங்களுக்குத் தெரியுமா? ஒரே குறைக்கு இரு தீர்வுகள்

படகின் பின்புறம் மாட்டப்படும் அவுட்போர்டு மோட்டார்களில், கார்புரேட்டர் கொண்ட பழைய டூ-ஸ்ட்ரோக் வகை, புகைவழி திறந்திருக்கும்போதே புதிய எரிபொருளையும் உள்ளே விட்டதால், அதில் ஏறக்குறைய கால்பங்கு எரியாமலே வெளியேறியது. இதைத் தவிர்க்க, எரிபொருளை நேரே சிலிண்டருக்குள் தெளிக்கும் முறையை, 250 குதிரைத்திறனிலும் கிடைத்த மெர்குரி ஆப்டிமேக்ஸ் (1996), எவின்ரூட் இ-டெக் (2003) ஆகிய இரண்டும் கையாண்டன. முன்னது, ஆஸ்திரேலியாவின் ஆர்பிட்டல் நிறுவனத் தொழில்நுட்பத்தின்படி, கம்ப்ரசர் அழுத்திய காற்றோடு எரிபொருளை நுண்துளிகளாக்கித் தூவ, பின்னது காற்றின் துணையின்றி, மின்காந்த விசையில் இயங்கும் இன்ஜெக்டராலேயே அதைப் பீய்ச்சியது. கம்ப்ரசரும் அதன் பெல்ட்டும் இல்லாத இ-டெக், பட்டறைகள் அரிதான அந்தமான் போன்ற தீவுகளுக்கு ஏற்றதாகத் தோன்றினாலும், கோளாறைக் கண்டறிய அதற்கும் கணினி தேவைப்படுவதால் அந்த எளிமை பாதியளவே உண்மை. அதன் உற்பத்தியும் 2020-இல் நின்றுபோனது.