காப்புரிமை எண் 2780765

நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் சேர்ந்த புதிதில் சீனியர் ஒருவர் சொல்லித் தந்தார்: “நீராவி சூடேறி, மீட்டர் முள் நகர்றதுக்குள்ள கொஞ்ச நேரம் ஆயிடும். முள்ளை நம்பு. ஆனா அது பழைய சேதிங்கிறதை மறக்காதே.”

ஓய்வுபெற்று, குவார்ட்டர்ஸைக் காலிசெய்து, இந்திரா நகரில் வீடு கட்டி, மாடியில் சோலார் பேனலும் போட்டாயிற்று. காப்புரிமைகளைச் செல்போனில் தேடப் பேத்தி கற்றுக்கொடுத்தாள். காசு கிடையாது. மத்தியானத் தூக்கம்தான் போயிற்று.

காப்புரிமை என்பது அரசோடு ஒரு பேரம். கண்டுபிடித்ததை ஒளிக்காமல் எழுதிக் கொடுத்தால் 20 ஆண்டுகள் அது உனக்கு மட்டும். ஆகவே விளம்பரத்தில் வராததெல்லாம் படத்தோடு அங்கே கிடக்கும். நான் முதலில் தேடியது அமெரிக்கக் காப்புரிமை 2780765. பெல் ஆய்வகத்தின் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் செய்த சிலிக்கான் சூரிய மின்கலம். 1954இல் விண்ணப்பித்தார்கள், 1957 பிப்ரவரியில் கிடைத்தது. அதே 1957 மே 20 அன்றுதான் நேரு இங்கே சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அந்த மின்கலம் விழுகிற வெயிலில் சுமார் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. எங்கள் கரிக்கு அது போட்டி என்று அன்று யார் நினைத்திருப்பார்கள்?

சூரிய மின்சாரக் காப்புரிமைக்கு வருடத்துக்கு எத்தனை விண்ணப்பம் என்று கோடு போட்டுப் பார்த்தால், 2000க்குப் பிறகு விறுவிறுவென்று ஏறி, 2011வாக்கில் உச்சம் தொட்டு, இறங்குகிறது. சரக்கு தீர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சங்கதி வேறு. அப்போது பேனல் விலை சரிந்து, ஜெர்மனியின் க்யூ-செல்ஸ் 2012இல் திவாலானது. ஆய்வுக்குச் செலவிட்டவர்கள் நொடித்தார்கள், வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். நெய்வேலியில் 10 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததே 2015இல், கோடு இறங்கத் தொடங்கிய பிறகு. அதன்பின் 130 மெகாவாட்.

இன்னொரு பொறியும் உண்டு. விண்ணப்பம் பொதுப் பார்வைக்கு வர வழக்கமாக 18 மாதங்கள் ஆகும். அதனால் எந்த வரைபடத்திலும் கடைசி ஒன்றிரண்டு ஆண்டுகள் படுத்தே கிடக்கும். சீனியர் சொன்ன அதே முள்.

“புது டெக்னாலஜி சார், மோனோ பெர்க்” என்றுதான் என் தலையில் இந்தப் பேனலைக் கட்டினார் கடைக்காரர். அதில், சிலிக்கானில் சிக்காமல் ஊடுருவும் ஒளியை முதுகுப் பக்கத்துப் படலம் திருப்பியனுப்பும். இரண்டாவது முறை பிடித்துக்கொள்ளலாம். தோண்டிப் பார்த்தால் ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் கிரீன் குழு 1980களில் செய்த வேலை! தொழிற்சாலைகள் அதைப் பெரிய அளவில் கையிலெடுத்தது 2010க்குப் பிறகு. ஆளைக் கோபித்துப் பயனில்லை. அவருக்கு அது புதுசுதான்.

நான் வேலை பார்த்த நிலையம் 2020இல் மூடப்பட்டது. இப்போது நான் தேடுவது, தண்ணீரில்லாமல் பேனலைத் துடைக்கும் இயந்திரங்களை. விண்ணப்பங்கள் குவிந்து கிடக்கின்றன. புழுதிக்கு எங்கள் ஊரில் பஞ்சமில்லையே. படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால் வீட்டுக்காரி ரப்பர் குழாயோடு வந்து நிற்பாள்.

“அது வர்ற வரைக்கும் நீங்க கழுவுங்க.”