பின்வெடிப்பு (பெட்ரோல் பொறி)

பின்வெடிப்பு என்பது பெட்ரோல் பொறியின் உருளைக்குள் எரிய வேண்டிய காற்று-எரிபொருள் கலவை கார்புரேட்டரிலோ புகைக்குழாயிலோ வெடித்து எரிவதாகும். கார்புரேட்டரும் பாயின்ட் வகை டிஸ்ட்ரிபியூட்டரும் கொண்ட பழைய கார்களில் இது மிகுதி. சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த 948 சிசி ஸ்டாண்டர்டு ஹெரால்டு அத்தகையது. 1962இல் வெளிவந்த பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார் டிரயம்ப் ஸ்பிட்ஃபயர், ஹெரால்டின் பொறிக் குடும்பத்தையே சேர்ந்தது. எனவே இரண்டுக்கும் சோதனை முறை ஏறத்தாழ ஒன்றே.

வகைகள்

கார்புரேட்டரில் வெடித்தால், பெட்ரோல் குறைந்த கலவை, சரியாக மூடாத உள்வால்வு, இடம் மாறிய பிளக் ஒயர் ஆகியவற்றுள் ஒன்று காரணமாகலாம். பெட்ரோல் குறைந்த கலவை மெதுவாக எரிவதால், உள்வால்வு மீண்டும் திறக்கும்போதும் நெருப்பு அணையாமல் இருக்கும்.

சைலன்சரில் வெடித்தால், எரியாத பெட்ரோல் அங்கே சேர்கிறது என்று பொருள். பிளக்கில் பொறி தவறுவதும் தாமதமாக வருவதும் இதன் காரணங்கள்.

கண்டறியும் முறை

1. வெடிப்பு நிகழும் நேரத்தைக் கவனிக்க வேண்டும். அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் செல்லும் மலைச்சாலை போன்ற இறக்கத்தில், ஆக்சிலேட்டரை விட்டதும் வெடித்தால் புகைக்குழாய் இணைப்பில் காற்றுக் கசிவு இருக்கலாம். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார்புரேட்டரில் வெடித்தால் கலவையில் பெட்ரோல் போதவில்லை எனலாம்.

2. அடுத்து மின்பொறி அமைப்பு. பாயின்ட் இடைவெளி சுமார் 0.4 மி.மீ. இருக்க வேண்டும். மூடியில் விரிசல், கண்டென்சர், 1-3-4-2 என்ற எரிவரிசை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். ஆகவே டைமிங்கை அதன் பிறகே சரிசெய்ய வேண்டும்.

3. பின்னர் கார்புரேட்டர். ஜெட் அடைப்பையும், உள்ளிழுகுழாய் கேஸ்கட்டில் கசிவையும் சோதிக்க வேண்டும். சுமார் 900 மீட்டர் உயரமுள்ள ஓசூரில் காற்றின் அடர்த்தி குறைவு. சென்னையில் டியூன் செய்த கார் அங்கே சற்றே பெட்ரோல் மிகுந்த கலவையில் ஓடும்.

4. இறுதியாக கம்பிரஷன் சோதனை. ஓர் உருளையில் மட்டும் அழுத்தம் குறைந்தால் வால்வைச் சோதிக்க வேண்டும்.

இந்த வரிசையைப் பின்பற்றாமல் முதலிலேயே கார்புரேட்டரைக் கழற்றுவது பலர் செய்யும் தவறு. மின்பொறிக் கோளாறு அப்படியே இருக்க, நன்றாக இருந்த கார்புரேட்டரின் அமைப்பும் கலைந்துவிடும்.

பாதுகாப்பு

கார்புரேட்டர் வழியே வரும் நெருப்பு காரையே எரித்துவிடக் கூடும். காற்று வடிகட்டி அந்த நெருப்பை ஓரளவு தடுக்கும். அதைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டருக்குள் பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்வது மிகவும் ஆபத்தானது. சோதனையின்போது தீயணைப்பான் அருகில் இருத்தல் வேண்டும்.