மின்சாரக் காரும் வியாபாரியின் கையிருப்பும்



சென்ற மாதக் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, என் காரின் பச்சை நம்பர் பலகையைப் பார்த்துவிட்டு நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். “அண்ணாச்சி, இது கட்டுபடியாகுதா? நடுவழியில நின்னா என்ன செய்வீங்க?” என்று ஆளுக்கொரு கேள்வி. நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் அல்ல. “இதழில் எழுதிவிடுங்கள்” என்றார் செயலாளர். அடியேன் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு கல்லாவில் உட்கார்ந்தவன். பேரேடு எழுதத் தெரியும், கட்டுரை எழுதிப் பழக்கமில்லை. ஆகவே இதையும் கணக்காகவே எழுதுகிறேன். வரவையும் எழுதுகிறேன், பற்றையும் எழுதுகிறேன். பற்றில் ஒன்று, எந்த வருடத்து ஐந்தொகையிலும் நேராகாதது.

வாங்கிய கதை

2001ல் பெங்களூரில் ரேவா என்ற மின்சாரக் கார் வந்தபோது, சரக்கு விஷயமாகப் போன இடத்தில் அதைப் பார்த்திருக்கிறேன். ஈய பேட்டரியில் ஓடும் சின்ன வண்டி. “பிள்ளைகள் விளையாட வைத்துக்கொள்ளலாம்” என்று கேலி செய்துவிட்டு வந்தேன். பிறகு லித்தியம் பேட்டரி வந்து நிலைமை மாறியது. அதே எடையில் பல மடங்கு மின்சாரம் கொள்ளும் சரக்கு அது. அதை உருவாக்கிய மூன்று விஞ்ஞானிகளுக்கு 2019ல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

2022ல் என் பழைய டீசல் வண்டி வேலை வைக்க ஆரம்பித்ததும், மூத்த மகன் மின்சாரக் கார்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். அதே வசதியுள்ள டீசல் காரை விட 4 லட்ச ரூபாய் அதிகம். “4 லட்சத்துக்கு வட்டி யார் கட்டுவது?” என்று நானும் விடவில்லை. ஒரு மாதம் எங்கெங்கே போகிறேன் என்று டைரியில் எழுதிப் பார்க்கச் சொன்னான். எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது. வியாபாரியின் வண்டி, செக்கு மாடு போல ஒரே தடத்தில் சுற்றுகிறது.

எனக்கு விருதுநகரில் வத்தல், மல்லி, பருப்பு மொத்த வியாபாரம். ஒரு நாள் அருப்புக்கோட்டை லைன், ஒரு நாள் சாத்தூர், கோவில்பட்டி, ஒரு நாள் சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ஒரு நாள் மதுரை. ஆர்டரும் வசூலும் முடித்து இரவு வீடு திரும்ப வேண்டும். மாதம் 2,100 கி.மீ., ஒரு நாளுக்கு 84 கி.மீ. என்று கணக்கு வந்தது. வாங்கச் சம்மதித்தேன்.

லாப நஷ்டக் கணக்கு

என் காரின் பேட்டரி 30 யூனிட் கொள்ளும். ஒரு யூனிட்டுக்கு 7 கி.மீ. ஓடுகிறது. முழுக்க ஏற்றினால் 210 கி.மீ. விளம்பரத்தில் சொல்லும் தூரம் சோதனை முறையில் அளந்தது. நம் ஊர் வெயிலில் ஏ.சி. போட்டு, நான்கு வழிச் சாலையில் 90 கி.மீ. வேகத்தில் போனால் அதில் மூன்றில் இரண்டு பங்கு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2,100 கி.மீ.க்கு 300 யூனிட். ஏற்றும்போது ஏற்படும் சேதாரத்தையும் சேர்த்தால் மீட்டரில் 330 யூனிட் ஓடும். இங்கேதான் பலர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். நம் வீட்டு மின்சாரம் அடுக்குக் கட்டணம். வீட்டுச் செலவோடு காரின் செலவும் சேரும்போது காருக்கு மேல் அடுக்கின் விலைதான் விழும். 2024 ஜூலை உயர்வுக்குப் பிறகு நான் யூனிட்டுக்கு ரூ.11 என்று வைத்தே கணக்கிடுகிறேன். 330 யூனிட்டுக்கு ரூ.3,630.

டீசல் வண்டி லிட்டருக்கு 15 கி.மீ. கொடுத்தது. 140 லிட்டர், ரூ.93 வீதம் ரூ.13,020. ஆக, மாத மிச்சம் ரூ.9,390. வருடத்துக்கு ரூ.1,12,680. கூடுதலாகப் போட்ட 4 லட்சத்துக்கு 9 சதவீத வட்டி ரூ.36,000ஐக் கழித்தால் ரூ.76,680 நிற்கும். ஐந்தேகால் வருடத்தில் முதல் திரும்பிவிடும். என் பேட்டரிக்கு எழுதிக் கொடுத்த உத்தரவாதம் 8 வருடம். என்ஜின் ஆயில், ஆயில் பில்டர் செலவும் இல்லை.

இனி, மாதம் 700 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவர் கணக்கைப் பாருங்கள். அவர் மிச்சம் மாதம் ரூ.3,130, வருடத்துக்கு ரூ.37,560. வட்டிக்கே சரியாகப் போய்விடும். ஓட்டம் உள்ளவனுக்குத்தான் இதில் லாபம். வீட்டுக்கும் கடைக்கும் மட்டும் போய் வருகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கலாம், லாபக் கணக்குச் சொல்லி வாங்க வேண்டாம்.

வரி விஷயமும் இரண்டு வார்த்தை. மின்சார வாகனத்துக்கு ஜி.எஸ்.டி. 2019 ஆகஸ்ட் 1 முதல் 5 சதவீதம். ஆனால் 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல், டீசல் கார்களுக்கும் வரியை 18 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். ஆகவே விலை வித்தியாசத்தை இன்றைய விலையில் பாருங்கள், என்னுடைய 4 லட்சத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்சாரக் கார் கடனுக்கான ரூ.1,50,000 வட்டிக் கழிவு, 2019 ஏப்ரல் 1 முதல் 2023 மார்ச் 31 வரை அனுமதியான கடன்களுக்கு மட்டும்தான். நாம் சொந்த உபயோகத்துக்கு வாங்கும் காருக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. சரக்கு ஏற்றும் வண்டிக்கு உண்டு. மற்றதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் பட்ட பாடு

கார் வந்த முதல் நாள் இரவு, மின்சாரம் ஏற மறுத்தது. வண்டியில் கோளாறு என்று சத்தம் போட்டேன். வந்து பார்த்த எலெக்ட்ரீஷியன், “மொதலாளி, வண்டி நல்லாத்தான் இருக்கு. உங்க வீட்டுலதான் எர்த் இல்லை” என்றார். என் தகப்பனார் கட்டிய வீடு. இத்தனை வருடம் எர்த் சரியில்லாத வீட்டில் கிரைண்டரும் மோட்டாரும் ஓட்டியிருக்கிறோம்! புது எர்த் போட்டு, மெயினிலிருந்து தனி ஒயர் இழுத்து, 15 ஆம்பியர் பிளக் வைத்தோம். காலியான பேட்டரி நிறைய அதில் 10 மணி நேரம் பிடிக்கும். இரவு குத்தினால் காலையில் நிறைந்திருக்கும்.

இன்னொரு விஷயம், இந்த வண்டிக்குச் சத்தமே கிடையாது. பஜாரில் மூட்டை சுமந்து போன தொழிலாளி ஒருவர், நான் பின்னால் வருவது தெரியாமல் திரும்பிவிட்டார். மயிரிழையில் தப்பினார். “வண்டி வருதுன்னு ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா அண்ணாச்சி?” என்று அவர் கேட்டது நியாயம். அன்று முதல் பஜாருக்குள் நடை வேகத்தில்தான் போகிறேன்.

நேராகாத பற்று

இப்போது அந்தப் பற்றுக்கு வருகிறேன்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமத்தில் எனக்கு முப்பது வருடத்துக்கு மேலான வாடிக்கையாளர் ஒருவர் இருந்தார். சின்ன மளிகைக் கடை. 1994ல் எனக்கு ஒரு லோடு வத்தல் மழையில் நனைந்து வீணாகிவிட்டது. மண்டிகளில் கடன் தர மறுத்தார்கள். அப்போது இந்த மனிதர் மஞ்சள் பையில் 20,000 ரூபாயைக் கொண்டுவந்து வைத்து, “சரக்கு வரும்போது அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு, ரசீதுகூட வாங்காமல் பஸ் ஏறிப் போனார். இன்று நான் மொத்த வியாபாரி என்று எழுதிக்கொள்கிறேன் என்றால் அந்தப் பை ஒரு காரணம்.

2024 மே மாதம் ஒரு நாள் காலை பத்தரை மணிக்கு அவர் மகன் போன் செய்தான். அப்பா தவறிவிட்டார், மாலை 4 மணிக்கு எடுக்கிறோம் என்றான். எனக்கு 135 கி.மீ. பயணம். காரில் இருந்ததோ 35 சதவீதம். முந்தின இரவு மதுரையிலிருந்து திரும்பியபோது மணி பதினொன்று. அலுப்பில் பிளக்கைக் குத்தாமல் படுத்துவிட்டேன். காலையில் போடலாம் என்றால், அன்று மாதாந்திரப் பராமரிப்பு, 9 மணிக்கே மின்சாரம் போய்விட்டது.

வழியில் ஏற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பினேன். கோவில்பட்டி அருகே போய்ச் சேர்ந்தபோது 10 சதவீதம். அங்கிருந்த சார்ஜிங் இயந்திரம் செத்துக் கிடந்தது. அதில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் செய்தால், “பத்து நிமிடத்தில் சரியாகிவிடும் சார்” என்றார்கள். அந்தப் பத்து நிமிடம் ஒன்றே கால் மணி நேரம் ஆகியும் முடியவில்லை. மெதுவாக உருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போனால், எனக்கு முன்னால் இரண்டு வண்டிகள். சாலையில் திருநெல்வேலி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வண்டியை அங்கேயே போட்டுவிட்டு ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறியிருந்தால் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திருப்பேன். “இதோ ஆகிவிடும், இதோ ஆகிவிடும்” என்று காரை நம்பி உட்கார்ந்திருந்தேன். “ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் தம்பி” என்று இரண்டு தடவை போனிலும் சொன்னேன்.

நான் போய் இறங்கியபோது மணி ஐந்தே கால். வீட்டு வாசலைக் கழுவி விட்டிருந்தார்கள். மொட்டை போட்ட தலையோடு வந்த பையன் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க வருவீங்கன்னு அரை மணி நேரம் எடுக்காம வச்சிருந்தோம் அண்ணாச்சி” என்றான். வேறு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

வீடு திரும்பியதும் காரை விற்றுவிடுகிறேன் என்றேன். மகன் ஒன்றும் பேசவில்லை. என் மனைவிதான், “கடையில சீனி இல்லாமப் போனா கடையையா விப்பீங்க?” என்று கேட்டாள். சரியான கேள்வி. இயந்திரம் கெட்டது என் குற்றமல்ல. ஆனால் கையிருப்பு இல்லாமல் கடை திறந்தவன் நான்தான். மறுநாளைக்கு வருகிற வாடிக்கையாளர் யார் என்று முன்கூட்டியே தெரியாது, அதற்காகத்தானே குடோன் வைத்திருக்கிறோம்?

இப்போது கடைப்பிடிக்கும் முறைகள்

1. கடை அடைத்து, கல்லா எண்ணி, வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை பிளக்கைக் குத்துவது. சாப்பாடு அதற்குப் பிறகு.

2. அன்றாடம் 80 சதவீதம் வரை ஏற்றினால் போதும், பேட்டரிக்கு நல்லது. தூரப் பயணத்துக்கு முந்தின இரவு மட்டும் முழுக்க ஏற்றுகிறேன். எந்த இரவும் 60க்குக் குறைந்து தூங்கப் போவதில்லை.

3. மின்தடை நாளைப் பேப்பரில் பார்த்துக் காலண்டரில் குறித்து வைக்கிறேன்.

4. போக வர 150 கி.மீ.க்கு மேல் என்றால், வழியில் இரண்டு சார்ஜிங் இடங்களை விசாரித்து வைத்துக்கொள்கிறேன். ஒன்றை நம்பிப் போவதில்லை.

5. சாவு, பிரசவம், ஆஸ்பத்திரி போன்ற அவசரத்துக்குக் கையிருப்பு போதாவிட்டால் காரைத் தொடுவதில்லை. டாக்ஸி, பஸ், ரயில் எது முதலில் கிடைக்கிறதோ அதில் ஏறிவிடுகிறேன்.

மூன்று வருடம் முடிந்தபோது மீட்டர் 75,000 கி.மீ.ஐத் தாண்டியிருந்தது. முழுக்க ஏற்றினால் முன்பு 210 ஓடியது, இப்போது 195 ஓடுகிறது. பெரிய ரிப்பேர் எதுவும் வரவில்லை. கட்டுபடியாகுதா என்று கேட்டவர்களுக்கு, என் ஓட்டத்துக்குக் கட்டுபடியாகிறது என்பதே பதில். நடுவழியில் நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டவர்களுக்கும் பதில் சொல்லிவிட்டேன். முந்தின இரவே யோசித்துவிட வேண்டும்.

அந்தக் கிராமத்துக் கடையை இப்போது பையன் நடத்துகிறான். மாதம் ஒரு முறை சரக்கோடு நானும் போய் வருகிறேன். திரும்பும் நேரத்தில், “சார்ஜ் இருக்கா அண்ணாச்சி?” என்று தவறாமல் கேட்கிறான். இருக்கிறது தம்பி என்று சொல்லிவிட்டு வண்டியை எடுக்கிறேன்.